ஒற்றை அடுப்புச் சான்றிதழ்

புனே நகரின் நடுவே, பழைய கற்கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் இயங்கிவந்த விருந்தோம்பல் வாரியத்தில் எந்த விசாரணையும் ஒரு கதையோடுதான் தொடங்கும். கதையைச் சொல்பவர் இயக்குநர் கானிட்கர்.

“ஒரு பெரிய ஆலமரம் இருந்தது. புயலில் அடிபட்ட பறவைகள் எல்லாம் அதைத் தேடி வந்தன. ஆலமரம் ஒன்றையும் விரட்டவில்லை. ‘வாருங்கள், நீங்கள் என் விருந்தினர்’ என்றது. ஆனால் கூடு கட்ட மட்டும் அது யாரையும் விடவில்லை. ஏன்? கூடு கட்டிய பறவை குடியிருக்கும் பறவை ஆகிவிடும். விருந்தினர் என்ற உயர்ந்த நிலையிலிருந்து அது இறங்கிவிடும். அந்த இறக்கத்தைக் காண ஆலமரத்தின் மனம் பொறுக்கவில்லை.”

மராத்தியில் அவர் சொன்னதைத் தமிழில் பெயர்த்துச் சொல்வது ஜம்புவின் வேலை. முதல் விசாரணையில் வேதநாயகி என்ற அந்தப் பெண் கதையை இறுதிவரை கவனமாகக் கேட்டாள். பிறகு ஜம்புவிடம், “ஐயா, மழை பெய்யேக்கை அந்தக் குருவியள் எங்க ஒதுங்கினதாம்? ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ” என்றாள்.

ஜம்பு கேட்டுச் சொன்னார். கானிட்கர் மிகவும் மகிழ்ந்துபோனார். ‘விருந்தினர் கதையை ரசித்தார்’ என்று நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொன்னார்.

வாரியத்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்லியாக வேண்டும். அடைக்கலம் தேடி வருகிறவர்களை ஒரே மாநிலத்தில் குவித்து வைக்காமல் நாடெங்கும் பகிர்ந்து உபசரிப்பது என்ற உயர்ந்த நோக்கத்தோடு அது தொடங்கப்பட்டது. ‘அகதி’ என்ற சொல்லை அங்கே யாரும் உச்சரிக்கக் கூடாது. அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை. சட்டத்தில் இடமில்லாத ஒருவருக்கு வாரியம் எப்படி இடம் தர முடியும்? ஆகவே எல்லோரும் விருந்தினர். விருந்தினர் வேலைக்குப் போகக் கூடாது, அது உபசரிக்கிறவருக்கு இழுக்கு. விருந்தினர் அனுமதிச்சீட்டு இல்லாமல் வெளியே போகக் கூடாது, வழி தவறிவிடுவார்கள். விருந்தினர் எப்போது திரும்பிப் போவார்கள் என்று மட்டும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை கேட்கப்படும்.

வேதநாயகியும் அவள் தந்தை சுப்பையாவும் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அரிசியும் மருந்தும் கிடைக்காமல் போன ஆண்டில் புறப்பட்டவர்கள். சுப்பையாவுக்கு எழுபத்து நான்கு வயது. படகு இயந்திரங்களைப் பழுதுபார்த்த கைகள். இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. சர்க்கரை நோய்க்கு நாள்தோறும் ஊசி போட வேண்டும். மருந்துக் குழலில் கோடு தெரியாததால் பதினோர் ஆண்டுகளாக மகள்தான் அளந்து போட்டுவந்தாள்.

அவர்கள் புனேக்கு வந்திறங்கிய நாளில் வாரியத்திற்குத் தமிழ் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். தாபோடியில் பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குடியிருப்பு ஒதுக்கீட்டுப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஜம்பு வந்தார். அவர் நல்ல மனிதர். இந்தக் கதையில் நேர்ந்த துன்பத்தில் பாதி அதனால் வந்தது.

விண்ணப்பத்தில் நாற்பத்தாறு கட்டங்கள். பத்தொன்பதாவது கட்டம் ‘அடுப்புகளின் எண்ணிக்கை’. ஓர் அடுப்பில் உண்கிறவர்கள் ஒரு குடும்பம். ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை. இந்தக் கணக்கு ஜம்புவுக்குத் தலைகீழ்ப் பாடம். கூடப்பிறந்த அண்ணன் தம்பிகளுக்கு இரண்டு அடுப்பு என்று எழுதி, பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வாங்கிக் கொடுத்தவர் அவர். மடியில் துணிப்பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த முதியவரையும், நின்றுகொண்டிருந்த மகளையும் பார்த்தார். வயதான தகப்பனும் மகளும் பத்துக்குப் பத்து அறையில் எப்படிக் காலம் தள்ளுவார்கள்? ஒரு சுவரேனும் நடுவில் வேண்டாமா? அவர்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், பத்தொன்பதாவது கட்டத்தில் ‘இரண்டு’ என்று எழுதினார். அன்று வீட்டுக்குப் போய் மனைவி பட்டுவிடம், “ரெண்டு ரூம் கிடைக்கிற மாதிரி பண்ணிட்டேன். அவாளுக்கே தெரியாது” என்று சொல்லி இரண்டாவது டம்ளர் காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

இரண்டு அறைகள் கிடைக்கத்தான் செய்தன. தனிப்பெண் குடும்பமான வேதநாயகிக்குக் கோந்த்வாவில் ஓர் அடுக்ககத்தின் நான்காம் மாடி. தனியாண் குடும்பமான சுப்பையாவுக்கு ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில், மூடிப்போன ஆலை ஒன்றின் தகரக் கூரைக் கிடங்கு. அதன் பெயர் ஆண் விருந்தினர் மாளிகை. இரண்டுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்.

“அப்பாவுக்கு ஆர் ஊசி போடுறது?” என்று வேதநாயகி கேட்டாள்.

கணினிக்கு முன் அமர்ந்திருந்த பார்கவி, கணினிப் பணியைத் தவிர வேறெதுவும் செய்ய விதி இடந்தராத, புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், விதியைத் தேடிப் பார்த்தாள். “மெடிசின் எல்லாம் குடும்பத் தலைவர் பார்த்துக்கணும்னு இருக்கு அக்கா.”

“அவற்ற குடும்பத்துக்கு ஆர் தலைவர்?”

பார்கவி திரையைப் பார்த்தாள். “அவர்தான்.”

அன்றிலிருந்து அந்த ‘இரண்டு’ என்ற சொல்லை ‘ஒன்று’ ஆக்குவதே ஜம்புவின் வேலையாயிற்று. மேல்முறையீட்டு விசாரணை மாதம் ஒருமுறை, முதல் செவ்வாய்க்கிழமை. விசாரணைக்கு ஒதுக்கப்பட்டது இரண்டு மணி நேரம். அதில் முதலில் குத்துவிளக்கு. அடுத்து ஆலமரம். அதன்பின் சால்வையும் தேங்காயும் கொடுத்துச் சிறப்புச் செய்யும் சத்காரம். புனேயில் சால்வையும் தேங்காயும் இல்லாமல் ஒரு குழாயைக்கூடத் திறப்பதில்லை; விருந்தினரைச் சிறப்பிக்காமல் அவர் குறையைக் கேட்பது எவ்வளவு பெரிய அவமதிப்பு! ஒவ்வொரு மாதமும் வேறொரு தலைமை விருந்தினர் வருவார்: ரோட்டரித் தலைவர், ஓய்வுபெற்ற கர்னல், சர்க்கரை ஆலைத் தலைவர். அவர் வேதநாயகிக்குச் சால்வை போர்த்துவார். வேதநாயகி அவருக்குச் சால்வை போர்த்துவாள். புகைப்படம் எடுப்பார்கள். நேரம் முடிந்துவிடும்.

ஐந்தாம் மாதம் ஜம்பு பொறுமை இழந்தார். “சார், சத்காரத்தை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்குப் போகலாமே?”

கானிட்கரின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. “ஜம்புஜி, உலகத்தில் எத்தனையோ தேசங்கள் அகதிகளுக்கு...” நாக்கைக் கடித்துக்கொண்டார். “...வருகிறவர்களுக்கு வீடு கொடுக்கின்றன. வேலை கொடுக்கின்றன. குடியுரிமைகூடக் கொடுக்கின்றன. மரியாதை கொடுக்கின்றனவா? நாம் வேறெதுவும் கொடுக்காததற்குக் காரணமே, மரியாதையில் எதுவும் கலந்துவிடக் கூடாது என்பதுதான்.”

ஜம்பு இதை வேதநாயகிக்குப் பெயர்த்துச் சொன்னார். அவள் மடியிலிருந்த தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நல்ல முத்தின காய்” என்றாள்.

தேங்காய்களைத் துருவிப் பால் பிழிந்து சொதி வைத்தாள். சால்வைகளை ஜம்புவிடம் கொடுத்து ரஞ்சன்காவுக்கு அனுப்பினாள். தகரக் கூரைக்குக் கீழே குளிர் கடுமையாக இருந்தது. சுப்பையா இரண்டு சால்வைகளை விரித்து மூன்றைப் போர்த்திக்கொண்டார். “தம்பி, எனக்கு இவ்வளவு மரியாதை மன்னாரில ஒருத்தரும் தரேல்லை” என்று ஜம்புவிடம் சொல்லிச் சிரித்தார்.

ஊசிக்கு வேதநாயகியே ஒரு வழி கண்டாள். ஒரு வாரத்துக்கு வேண்டிய மருந்தை ஏழு குழல்களில் அளந்து நிரப்பி, வாராவாரம் ஜம்புவிடம் கொடுத்தனுப்புவாள். சுப்பையா அவற்றை மண்பானைத் தண்ணீருக்குள் ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, நாளுக்கொன்றாக எடுத்துத் தாமே வயிற்றில் குத்திக்கொள்வார். கோடு தெரிய வேண்டியதில்லை. முழுவதையும் அழுத்தினால் போதும்.

ஆறாம் மாதம் ஒரு வெளிச்சம் தெரிந்தது. விதிப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்த ஜம்பு, ‘ஓர் அடுப்பில் சமைத்ததைத் தொடர்ந்து முப்பது நாள் உண்கிறவர் அந்த அடுப்பைச் சேர்ந்தவராகக் கருதப்படுவார்’ என்ற வரியைக் கண்டுபிடித்தார். ஒரே இடத்தில் இருந்து உண்ண வேண்டும் என்று அதில் இல்லை. பார்கவியும் பார்த்தாள், இல்லை.

“அங்கிள், நீங்க டெய்லி டப்பா எடுத்துட்டுப் போவீங்களா? ரஞ்சன்காவ் வரைக்குமா?”

“முப்பத்து நாலு வருஷம் ஆபீசுக்குப் போனேன். முப்பது நாள் போக மாட்டேனா?”

காலை ஆறரைக்குத் தாபோடியில் பேருந்து ஏறுவார். ஒன்பது மணிக்குக் கோந்த்வா. நான்காம் மாடியில் வேதநாயகி டப்பாவைத் துணி சுற்றித் தயாராக வைத்திருப்பாள்: சோறு, மீன்குழம்பு, சொதி. பிறகு இரண்டு பேருந்துகள் மாறி, ஒன்றேகால் மணிக்குள் ரஞ்சன்காவ். பிறந்தது முதல் மீன் தொடாத ஜம்பு, மடியில் மீன்குழம்பை வைத்துக்கொண்டு வாகோலி நெரிசலில் அமர்ந்திருந்தார். “அந்த டப்பா நம்மாத்துக்குள்ள வரப்படாது” என்று முதல் நாள் சொன்ன பட்டு, ஆறாம் நாள், “கழுவாம எடுத்துண்டு போறேளே, அந்தப் பொண்ணு என்ன நினைப்பா? கொண்டாங்கோ இப்படி” என்று வாங்கித் தேய்க்கத் தொடங்கினாள்.

பக்கத்து ஆலையில் பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதும். சங்கு ஊதியதும் சுப்பையா குளித்து, தட்டைக் கழுவி வைத்து, பன்னிரண்டே முக்காலுக்கு ஊசி போட்டுக்கொள்வார். அரைமணியில் டப்பா வந்துவிடும். ஜம்பு ஒரு நாளும் தாமதித்ததில்லை.

சுப்பையா முதல் கவளத்தை வாயில் வைத்ததும் மகளைப் பற்றிச் சேதி சொல்வார்.

“தம்பி, இண்டைக்கு உப்புக் கூட. பிள்ளைக்கு ஏதோ யோசனை.”

“எப்படிச் சொல்றேள்?”

“அவள் யோசிச்சால் ரெண்டு தரம் போடுவாள். கோவமெண்டால் போடவே மாட்டாள். நேத்துச் சரியா இருந்தது. நல்லா நித்திரை கொண்டிருக்கிறாள்.”

ஜம்பு மறுநாள் இதைக் கோந்த்வாவில் சொல்வார். வேதநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைப்பாள்.

பத்தாம் நாள் ஒரு சிறு சிக்கல் வந்தது. மகளின் அடுப்பில் உண்பதாகப் பதிவான ஒருவர் மாளிகையின் அடுப்பிலும் உண்டால், அது இரண்டு அடுப்பு ஆகிவிடாதா என்று தணிக்கைப் பிரிவு கேட்டது. கேள்வி நியாயமானது. மாளிகையின் உணவுப் பட்டியலிலிருந்து சுப்பையாவின் பெயர் நீக்கப்பட்டது. வேதநாயகி டப்பாவில் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் சேர்த்து ரொட்டி வைக்கத் தொடங்கினாள். மாளிகைச் சுவரில் மருத்துவக் குறிப்பு ஒன்றும் ஒட்டப்பட்டது: ‘சர்க்கரை நோயாளி. எக்காரணம் கொண்டும் இவருக்குச் சர்க்கரை வழங்கக் கூடாது.’ விருந்தினரின் உடல்நலத்தில் வாரியம் அவ்வளவு அக்கறை காட்டியது.

முப்பதாம் நாள் முதல் செவ்வாய்க்கிழமையாக அமைந்தது. அன்றைய டப்பாவைச் சான்றாகக் கொண்டுவர வேண்டும் என்றும், காலை பத்து மணிக்கு மூவர் குழு சுவைத்துப் பார்த்து முடிவு செய்யும் என்றும் கடிதம் வந்திருந்தது. பத்துக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்கு முடியும். அங்கிருந்தே ஒரு வாடகைக் காரில் போனால் ஒன்றேகாலுக்குச் சேர்ந்துவிடலாம் என்று ஜம்பு கணக்கிட்டார். வேதநாயகி இரண்டு டப்பாக்கள் கட்டினாள், ஒன்று குழுவுக்கு, ஒன்று அப்பாவுக்கு.

கைப்பேசிகளை வாயிலில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். விசாரணை முடியாமல் அதைத் திறக்கக் கூடாது.

தலைமை விருந்தினர் பதினொன்று நாற்பதுக்கு வந்தார். விளக்கு ஏற்றினார்கள். ஆலமரம் வந்தது. சால்வை, தேங்காய், புகைப்படம். கானிட்கர் மேசைக்குத் திரும்பி இரண்டு டப்பாக்களையும் பார்த்தார்.

“இரண்டா?”

“ஒன்று பெரியவருக்கு சார். ஒன்றேகாலுக்குள் போய்ச் சேர வேண்டும்.”

“ஜம்புஜி, நீங்கள் அனுபவசாலி. ஒரே அடுப்பு என்று நிரூபிக்க இரண்டு டப்பாவோடு வந்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே அடுப்பில் வெந்தவைதானா என்பதை இரண்டையும் சுவைத்தால் அல்லவா அறிய முடியும்?”

“ஐயா, அது அப்பாவின்ர சாப்பாடு!” வேதநாயகி எழுந்துவிட்டாள். “இதைச் சாப்பிடுங்கோ, முழுக்கச் சாப்பிடுங்கோ. அதை விடுங்கோ!”

ஜம்பு பெயர்த்துச் சொன்னார். “குழுவினர் மனமார உண்ண வேண்டும் என்று விருந்தினர் கேட்டுக்கொள்கிறார் போலும்” என்று கானிட்கர் உருகினார். இரண்டு டப்பாக்களும் மேசைக்குப் போயின.

திறந்ததும் இன்னொரு தடை. குழுவினர் மூவரும் சைவர்கள். மீன்குழம்பைச் சுவைக்கத் தகுதி பெற்ற ஒருவரைக் கீழ்த்தளத்து மீன்வளத் துறையிலிருந்து அழைத்துவர ஆள் போனது. சுவரில் கடிகாரம் பன்னிரண்டரையைக் காட்டியது. ஜம்பு அதைப் பார்த்தார். திரும்பினால் வேதநாயகியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜம்பு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “சார், நான் போக வேண்டும். பெரியவர் இப்போது ஊசி போட்டுக்கொள்வார். சாப்பாடு போகாவிட்டால் உயிருக்கு ஆபத்து. ஒரு போனாவது செய்ய விடுங்கள்.”

“மொழிபெயர்ப்பாளர் வெளியேறினால் விசாரணை செல்லாது. முப்பது நாளும் முதலிலிருந்து தொடங்கும். அதுதான் உங்கள் விருப்பமா?” கானிட்கர் கனிவாகத்தான் கேட்டார். “நமக்காக ஒருவர் பசியோடு காத்திருக்கிறார் என்பதில் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது பாருங்கள்! இந்த வாரியத்தை இயக்குவதே அந்த நம்பிக்கைதான்.”

ஜம்பு நின்றார். கதவைப் பார்த்தார். முப்பது நாள்களையும் நினைத்தார். உட்கார்ந்துவிட்டார்.

மீன்வளத் துறை நிபுணர் வந்து இரண்டு டப்பாக்களிலிருந்தும் உண்டார். நிதானமாக உண்டார். இரண்டும் ஒரே அடுப்பில், ஒரே கையால் சமைக்கப்பட்டவை என்று கையெழுத்திட்டார். குறிப்பு என்ற இடத்தில், ‘உப்பு சற்றுக் கூடுதல்’ என்று எழுதினார்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு ஒற்றை அடுப்புச் சான்றிதழ் கையெழுத்தாயிற்று. தந்தையும் மகளும் ஒரு குடும்பம். மறுநாள் காலை முதல் கோந்த்வாவில் ஒரே அறை. எல்லோரும் கைதட்டினார்கள். நன்றியுரை முடிந்து கைப்பேசிப் பெட்டியைத் திறந்தபோது மணி ஒன்று நாற்பது.

மாளிகைக் காவலாளி உடனே எடுத்தான். பயப்பட ஒன்றும் இல்லை என்றான். பெரியவர் வாசலுக்கு வந்து டப்பா வந்ததா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு கை நடுங்க வந்து, கொஞ்சம் சர்க்கரை இருக்குமா என்று சைகையில் கேட்டார். இவன் சுவரில் ஒட்டியிருந்த குறிப்பைக் காட்டினான். பெரியவர் முகத்தைச் சுவரருகே கொண்டுபோய் அதைப் படிக்க முயன்றார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார். நன்றாகத் தூங்குகிறார்.

“எழுப்பு! போய் எழுப்பு! வாயில் சர்க்கரையைப் போடு, நான் சொல்கிறேன், போடு!” ஜம்பு மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் கத்தினார்.

காவலாளி ஓடினான். பிறகு திரும்பி வந்து கைப்பேசியை எடுத்தான். “ஹாக் மாரதோய் சாஹேப்,” என்றான். கூப்பிடுகிறேன் ஐயா. “உட்டத் நாஹீத்.” எழுந்திருக்கவில்லை.

வேதநாயகிக்கு ரஞ்சன்காவ் செல்ல அனுமதிச்சீட்டு இல்லை. சான்றிதழ் மறுநாள் காலை முதல்தான் நடைமுறைக்கு வரும். அவள் வாரியத்தின் படிக்கட்டில், அன்று கிடைத்த தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஜம்பு தனியாகப் போனார். பக்கத்து ஆலையிலிருந்து ஒரு மருத்துவர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

கட்டிலுக்கு அருகே கழுவிய தட்டு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் காலியான ஊசிக்குழல். கடைசிச் சொட்டுவரை அழுத்தியிருந்தார். பானைக்குள் மறுநாளிலிருந்து வார முடிவுவரைக்கான குழல்கள் வரிசையாக இருந்தன. அன்றைய விழாவில் மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு சால்வை போர்த்தியிருந்தார்கள் என்பது அப்போதுதான் ஜம்புவின் நினைவுக்கு வந்தது. தோளிலிருந்து அதை எடுத்துப் பெரியவர்மேல் விரித்தார்.

தகனத்திற்கு வேதநாயகிக்கு நான்கு மணி நேர அனுமதி கிடைத்தது. வாரியத்தின் சார்பில் மலர் வளையம் வந்தது. ‘எங்கள் விருந்தினருக்கு’ என்று அதில் எழுதியிருந்தது.

இறப்பைப் பதிவு செய்யப் போனபோது பார்கவி நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

“அங்கிள், டெத் சர்டிஃபிகேட்ல ரஞ்சன்காவ் தனிக்குடும்பத்தோட தலைவர்னு இருக்கு. அந்தக் குடும்பம் பன்னிரண்டு ஐம்பத்தஞ்சுக்கே கேன்சல் ஆயிடுச்சு. இல்லாத குடும்பத்துல யாரும்... சிஸ்டம் எடுத்துக்கல.” குரலைத் தாழ்த்தினாள். “கோந்த்வா ரூம்ல ரெண்டு பேர்னு இருக்கு. ஒருத்தர் இல்லைன்னா அவர் ஓடிப்போயிட்டார்னு கேஸ் போடுவாங்க. அக்கா ரூமும் போயிடும். அப்படியே விட்டுடுங்க அங்கிள். ப்ளீஸ்.”

கானிட்கர் அறையிலிருந்து வெளியே வந்து ஜம்புவின் தோளில் கைவைத்தார். “துயரம்தான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அவர் பிரிந்திருக்கும்போது இறக்கவில்லை. மகளோடு ஒரே குடும்பமாகச் சேர்ந்த பிறகுதான் இறந்தார். அந்த நிறைவை அவருக்கு அளித்தது எது?”

ஜம்பு இதை வேதநாயகிக்குப் பெயர்த்துச் சொல்லவில்லை. எட்டு மாதங்களில் அவர் மொழிபெயர்க்காமல் விட்டது அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோந்த்வாவுக்குப் போனார். பட்டு தேய்த்துப் பளபளவென்று கொடுத்த டப்பா கையில் இருந்தது. நான்காம் மாடியில் கதவு திறந்திருந்தது. அவர் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார்.

“அம்மா, ஒண்ணு சொல்லணும். அந்த ஃபாரத்துல அடுப்பு ரெண்டுன்னு எழுதினது வாரியம் இல்லை. நான்தான். உங்களைக் கேக்காம எழுதினேன். ரெண்டு ரூம் கிடைக்கும்னு...”

“தெரியும் ஐயா.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ரெண்டாம் விசாரணையிலேயே அந்தப் பிள்ளை பார்கவி விண்ணப்பத்தைக் காட்டினவள். உங்கட எழுத்து எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் சொன்னனான்.” சேதி கொண்டுபோக அவளுக்கு இருந்தவரும் ஜம்பு ஒருவர்தான். “ஊசி சுத்திற கடுதாசியில எழுதி அனுப்பினன். உங்களைத் தவிர அங்க தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரும் இல்லை. அப்பாவே வெயிலில பிடிச்சு எழுத்தெழுத்தா வாசிச்சிருக்கிறார். அடுத்த கிழமை வெறுங்குழல் சுத்தி வந்த கடுதாசியில மறுமொழி இருந்தது. பெரிய பெரிய எழுத்தில, நாலு வரி.”

“என்ன எழுதியிருந்தார்?”

“அந்த மனுசன் எங்களுக்கு இடம் கூடக் கிடைக்கட்டும் எண்டுதான் எழுதினவர். அவரிட்ட இதைக் கேட்டு நோகப் பண்ணாதை.”

ஜம்பு டப்பாவை வாசற்படியில் வைத்தார். உள்ளே அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. தேங்காய்ப்பாலின் வாசனை வந்தது. வேதநாயகி தரையில் இரண்டு தட்டுகளை எதிரெதிராக வைத்தாள்.

“ஒரு மணிக்கு ஆய்வாளர் வருவார். ரெண்டு பேர் சாப்பிடுறதைக் காட்ட வேணும். மீன் வைக்கேல்லை, மரக்கறிதான். இருங்கோ.”

ஜம்பு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுப்பையாவின் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். அவள் சோறு போட்டுச் சொதி ஊற்றினாள். முதல் கவளத்தை வாயில் வைத்தார். அதில் உப்பே இல்லை. அடுத்த கவளத்தைப் பிசைந்தார்.

ஒரு மணிக்கு ஆய்வாளர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அடுப்பு ஒன்று, தட்டு இரண்டு, ஆள் இருவர். எல்லாம் சரியாக இருந்தன. கையெழுத்திட்டுவிட்டு அடுத்த மாடிக்குப் போனார்.